குழந்தைப் பாத்திரத்தை எங்கே தொடங்குவது: நினைவா, கவனிப்பா, வயதா, கதையா?

கயலுக்கு எட்டு வயது. அண்ணனின் கைக்கடிகாரத்தைக் கேட்காமல் கட்டிக்கொண்டு போய், விளையாடிய இடத்தில் எங்கேயோ தொலைத்துவிட்டாள். இப்போது வீட்டு வாசலில் நிற்கிறாள். அண்ணன் உள்ளேதான் இருக்கிறான். அடுத்த இரண்டு நிமிடம் அவள் என்ன செய்வாள்?

சிறுவர் கதை எழுதுகிற எவருக்கும் இப்படி ஒரு வாசல் வந்தே தீரும். அந்த இடத்தில் சிலர் தங்களுடைய எட்டு வயதை நினைத்துப் பார்க்கிறார்கள். சிலர் தெரிந்த பிள்ளை ஒன்றை மனசுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எட்டு வயதில் எது புரியும், எது புரியாது என்று படித்து வைத்ததைப் புரட்டுகிறவர்களும் உண்டு. மற்றவர்கள், கதைக்கு அந்த இடத்தில் என்ன வேண்டுமோ அதைக் கயலைச் செய்ய வைத்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். நான்கும் செல்லுபடியாகும் வழிகள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விதமாகக் கெட்டுப்போகும் என்பதால், எதை எந்தக் கட்டத்தில் கையில் எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே. என் அளவுகோல் இது: பிள்ளைகள் கணக்குத் தப்பாகப் போடுவதில்லை, கையில் இருக்கும் எண்கள் குறைவு. தெரிந்த கொஞ்சத்தை வைத்து அவர்கள் வந்துசேரும் முடிவு, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் முழுக்க நியாயமானது. அந்த நியாயம் பக்கத்தில் தெரிந்தால் வாசிக்கிற பிள்ளை நம்பும். தெரியாவிட்டால் எத்தனை குறும்பு, எத்தனை மழலை சேர்த்தாலும் உள்ளே ஒரு பெரியவர் குனிந்து நடப்பது தெரிந்துவிடும்.

நினைவிலிருந்து எடுத்தால்

நினைவு தருகிற பெரிய சொத்து, உணர்ச்சியின் எடை. தொலைந்த கைக்கடிகாரம் பெரியவருக்கு ஒரு பொருள். எட்டு வயதில் அது உலகம் முடிந்துபோன மாதிரி. வயிற்றுக்குள் ஏதோ இறங்குவது, காது சூடாவது, வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பு பத்து வரை எண்ணுவது போன்றவற்றை வெளியில் நின்று கவனித்துப் பிடிக்க முடியாது. அனுபவித்தவர் உள்ளிருந்து எடுத்துத் தர வேண்டும்.

ஆனால் நினைவு கைக்கு வரும்போதே திருத்தப்பட்டு வருகிறது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. பத்து முறை சொன்ன சம்பவத்தில் பிள்ளைக்கு அன்று புரியாத காரணங்கள் சேர்ந்திருக்கும், அசடு வழிந்த இடங்கள் உதிர்ந்திருக்கும். மேலும், பெரும்பாலானவர்களுக்கு எட்டுகிற முதல் நினைவே மூன்று, மூன்றரை வயதையொட்டித்தான் இருக்கிறது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகளுக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஆகவே நான்கு வயதுப் பாத்திரத்துக்கு நினைவை நம்பி இறங்கினால் கிணற்றில் தண்ணீர் பாதிகூட இருக்காது. பதினோரு, பன்னிரண்டு வயதுப் பாத்திரம் என்றால் தாராளமாக இறங்கலாம்.

நினைவு கெட்டதற்கு அடையாளம் ஏக்கம். ‘கவலையில்லாத நாள்கள்’, ‘விவரம் தெரியாத வயசு’ என்ற வாடை வரியில் அடித்தால் அங்கே பேசுவது நாற்பது வயது. தான் குழந்தைப் பருவத்தில் இருக்கிறோம் என்று எந்தப் பிள்ளையும் நினைத்துக்கொள்வதில்லை. தன்னை விவரம் தெரியாதவள் என்று எண்ணுகிற எட்டு வயதுக்காரி எங்கேயும் கிடையாது. இதுவரை வாழ்ந்ததிலேயே பெரிய வயது அவளுக்கு அதுதான்.

நினைவைச் சுத்தம் செய்ய ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நிகழ்காலத்தில் எழுதுங்கள். ‘அப்போது’, ‘அந்தக் காலத்தில்’ கூடாது. எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து, பின்னாளில் புரிந்துகொண்டது எல்லாவற்றையும் அடியுங்கள்: அம்மாவுக்கு அன்று வேறு கவலை இருந்தது, அண்ணனும் சின்னப் பையன்தான், அவன் கோபம் அரை மணியில் ஆறிவிட்டது. பெரும்பாலும் பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது உடம்பு உணர்ந்தது, கண் பார்த்தது, பயம் கேட்ட கேள்வி. கயலுக்குப் போக வேண்டியது அந்த மிச்சம்தான். சம்பவத்தையே தூக்கிக் கயலிடம் கொடுத்துவிடக் கூடாது. பொருள்களும் பழக்கங்களும் எழுத்தாளரின் காலத்திலேயே நின்றுவிடும். இன்று வாசிக்கிற பிள்ளை, ‘ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே’ என்று மூன்றாம் பக்கத்தில் கதையை முடித்துவிடும்.

கவனித்து எடுத்தால்

நினைவு உள்பக்கம் என்றால் கவனிப்பு வெளிப்பக்கம். கை என்ன செய்தது, எத்தனை முறை கேட்டது, மறுத்ததும் குரல் எப்படி மாறியது. நினைவில் ஒருபோதும் தங்காத சின்ன நடத்தைகள் எல்லாம் இங்கேதான் கிடைக்கும்.

இதில் முதலில் சறுக்குவது, அழகான வாசகங்களைச் சேர்த்துவைப்பதில். பிள்ளை சொன்ன வேடிக்கையான சொல்லைக் குறித்துக்கொண்டு வந்து அப்படியே கதையில் ஒட்டுகிறார்கள். அதைக் கேட்டுச் சிரிப்பது பெரியவர். அதே வயது வாசகருக்கு அந்தப் பிழை வேடிக்கையாகப் படாது. ஒன்று கவனத்துக்கே வராது, அல்லது தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று தோன்றும். படுக்கையில் கதையை வாசித்துக் காட்டுகிற அப்பா சிரித்து, கேட்கிற பிள்ளை சிரிக்காமல் அவர் முகத்தைப் பார்க்கிற வரி இருந்தால் அதை எடுத்துவிடுவது நல்லது. அந்த வரி யாருக்கு எழுதப்பட்டது என்பது அங்கேயே தெரிந்துபோகிறது.

குறிக்க வேண்டியவை வேறு. பிள்ளைக்கு என்ன வேண்டியிருந்தது, அதற்காக முதலில் என்ன செய்தது, அது பலிக்காதபோது இரண்டாவதாக என்ன செய்தது, அப்புறம் எப்போது விட்டது அல்லது அழுதது. இந்த வரிசை தங்கம். கேட்பது, பேரம் பேசுவது, வேறொருவரிடம் போய்க் கேட்பது, அவர் சரி என்று சொல்லிவிட்டதாக முதல் ஆளிடம் திரும்பி வருவது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வரிசை உண்டு. ஒரு பாத்திரத்துக்கு அந்த வரிசை பிடிபட்டுவிட்டால் குணத்தை விவரிக்க உரிச்சொற்களே வேண்டாம்.

எப்படிக் கவனிப்பது? இருபது நிமிடம் போதும். கேள்வி கேட்காதீர்கள். பெரியவர் கேள்வி கேட்ட உடனே பிள்ளை பெரியவருக்கான பேச்சுக்கு மாறிவிடும். பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவதைத்தான் கேட்க வேண்டும். அங்கே சட்டம், தீர்ப்பு, மேல்முறையீடு எல்லாம் உண்டு. குறிப்பேட்டை அங்கேயே விரிக்க வேண்டியதில்லை. ஆனால் அரை மணிக்குள் எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் அது நினைவு ஆகிவிடும், முன்பு சொன்ன நோய்கள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

தெரிந்த பிள்ளையை அப்படியே கதையில் இறக்குவது நியாயமும் இல்லை, நல்ல எழுத்தும் ஆகாது. அந்தப் பிள்ளை வளர்ந்து ஒருநாள் வாசிக்கும். இரண்டு மூன்று பிள்ளைகளைக் கலந்துவிடுங்கள். அடையாளம் மறைக்க மாற்றும்போது ஆணைப் பெண்ணாக்கலாம், மூத்ததைக் கடைக்குட்டி ஆக்கலாம். வயதை மட்டும் மாற்றாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை செய்ததை ஒன்பது வயதுக்காரியிடம் கொடுத்தால் அவள் மந்தமானவளாகத் தெரிவாள்; திருப்பிச் செய்தால் ஆறு வயதுப் பிள்ளை பிஞ்சிலே பழுத்ததாகிவிடும். ‘நிஜமாகவே ஒரு பிள்ளை இப்படித்தான் செய்தது’ என்பது பக்கத்தில் எடுபடாத வாதம். நடந்தது என்பதும் நம்பும்படி இருப்பதும் வேறு வேறு.

வயது அட்டவணையை நம்பினால்

பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி பற்றிய ஆய்வுகளிலிருந்து எழுத்தாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் கதைத் திருப்பங்களையே காப்பாற்றும்.

முக்கியமானது, மற்றவர் மனதில் தவறான எண்ணம் இருக்கக்கூடும் என்ற புரிதல். 1983-ல் விம்மர், பெர்னர் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில் ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை இன்னொன்றுக்கு மாற்றுகிறாள். அவன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பொதுவாக, இப்போது இருக்கிற இடத்தைக் காட்டுவார்கள். நான்கு, ஐந்து வயதில்தான் ‘பாவம், அவனுக்குத் தெரியாதே’ என்பது உறைக்கத் தொடங்கும். ஆகவே மூன்று வயதுத் தம்பி ஒரு வார காலம் ரகசியத்தைக் காத்து, அக்காவைத் திசைதிருப்பி, கடைசியில் வியப்பூட்டுவதாக எழுதினால் கதை அங்கேயே சரிந்துவிடும். ‘அவள் என்ன நினைக்கிறாள் என்று அவன் நினைக்கிறான்’ என்கிற இரண்டடுக்கு யோசனை அதற்கும் பிறகு, ஆறு ஏழு வயதையொட்டி வருவது.

குத்தல் பேச்சும் அப்படித்தான். மழையில் நனைந்து சேறாகி வந்த பிள்ளையைப் பார்த்து ‘ரொம்ப அழகு’ என்று பெரியவர் சொன்னால், ஐந்து வயது அதைப் பாராட்டாகவோ தவறாகவோ எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதன் முழுக் கூர்மை பிடிபடப் பல ஆண்டுகள் ஆகும். சாவு பற்றி, போனவர் திரும்ப மாட்டார், எல்லோருக்கும் வரும், உடம்பின் வேலை நின்றுவிடும் என்ற மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் தெளிவாகின்றன. நான்கு வயதுப் பாத்திரம் ‘தாத்தா எப்போது வருவார்’ என்று இரண்டாவது முறையும் கேட்பது நெஞ்சை உருக்க வைத்த வரியாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு அது நிஜமான கேள்வி. வளரிளம் பருவத்தில் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றும் கற்பனைப் பார்வையாளர் கூட்டத்தை 1967-ல் உளவியலாளர் எல்கைண்ட் விளக்கினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பாத்திரம் சட்டையில் பட்ட சிறு கறைக்காக நாள் முழுதும் தவிப்பது அந்தக் கணக்கில் சேரும்.

இப்போது கயலை அதே வாசலில் மூன்று வயதுகளில் நிறுத்திப் பார்க்கலாம். ஐந்து வயதுக் கயல் உள்ளே நுழைந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே, ‘நான் கைக்கடிகாரத்தை எடுக்கவே இல்லை’ என்பாள். பொய் சொல்ல வரும், பொய்யைக் காப்பாற்ற வராது. எட்டு வயதுக் கயல் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ‘அண்ணா, மணி என்ன ஆச்சு?’ என்று கேட்பாள். அவனுக்குத் தெரிந்துவிட்டதா என்று வேவு பார்க்கிற கேள்வி அது. தான் மாட்டிக்கொள்ளாமல் அவன் மனதுக்குள் எட்டிப் பார்க்கிறாள். பன்னிரண்டு வயதுக் கயலுக்குக் கடிகாரத்தைவிட, அண்ணன் இதைத் தன் நண்பர்கள் முன்னால் சொல்லிவிடுவானோ என்பது பெரிய பயமாக இருக்கும். அவள் முழுக் கதை ஒன்றைத் தயார் செய்துகொண்டுதான் படியேறுவாள். ஒரே குற்றம், மூன்று கதைகள்.

அட்டவணையை மட்டும் வைத்துக் கட்டினால் வருவது சராசரிக் குழந்தை. அப்படி ஒரு குழந்தை எந்த வீட்டிலும் பிறந்ததில்லை. அட்டவணைகளே ஆட்டம் காண்பவைதான்: ஒரு வரிசையில் உள்ள வில்லைகளைப் பரப்பி வைத்தால் எண்ணிக்கை கூடிவிட்டதாகச் சின்னப் பிள்ளைகள் சொல்வதை உளவியலாளர் பியாஜே காட்டினார். 1974-ல் மெக்காரிகில், டொனால்ட்சன் இருவரும், ஆய்வாளர் கலைக்காமல் ஒரு பொம்மைக் கரடி வந்து ‘கலைத்துவிட்டது’ போல நடத்தியபோது, அதே வயதுப் பிள்ளைகள் பலரும் எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே மாற்றினால் ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது ஒரு விளக்கம். பிள்ளையின் விடை, யார் எதற்குக் கேட்கிறார்கள் என்று அது நினைக்கிறதோ அதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், எழுதுகிறவருக்கு அட்டவணையைவிட இந்தக் கரடி அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

எனவே அட்டவணை சரிபார்க்க மட்டும். சரிபார்த்த பிறகு வேண்டுமென்றே அதைக் கோணலாக்குங்கள்: பாத்திரத்துக்கு ஒரு விஷயத்தில் வயதைத் தாண்டிய தேர்ச்சி, இன்னொன்றில் வயதுக்குக் குறைந்த தடுமாற்றம். கயல் பெரியவர்களின் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரியாக இருக்கலாம். ஆனால் இருட்டில் இரண்டு படி தனியாக இறங்க மாட்டாள். களைப்பு, பசி, பயம் மூன்றும் எந்தப் பிள்ளையையும் ஓரிரண்டு வயது கீழே இறக்கும் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கதை கேட்கிறபடி ஆட்டினால்

அதிகப் பேர் போகிற வழி இது. அதிகப் பழுதும் இங்கேதான். கதைக்கு ஞானம் தேவைப்பட்டால் ஆறு வயது வாயிலிருந்து தத்துவம் வரும். பரிவு தேவைப்பட்டால் ஒரு பிள்ளை நோய்வாய்ப்படும். ரகசியம் ஐந்து அத்தியாயம் நீடிக்க வேண்டுமானால், ஒரே வாக்கியத்தில் தீரக்கூடியதைச் சொல்லாமல் பிள்ளை ஊமையாகிவிடும்.

அதற்காக இந்த வழியை ஒதுக்கவும் முடியாது. சிறுவர் கதையில் சிக்கலை அவிழ்ப்பது பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு அந்தப் பிள்ளை எதையாவது விடாப்பிடியாக விரும்பியாக வேண்டும். நினைவும் கவனிப்பும் அழகான பிள்ளையைத் தரும். அது திண்ணையில் உட்கார்ந்தே இருக்கும். எழுந்து நடக்க வைப்பது கதைத் தேவை.

மருந்து இதுதான்: கதைக்கு வேண்டிய ஒவ்வொரு செயலுக்கும், பிள்ளை தன் அறிவுக்குள்ளேயே கண்டுபிடித்த ஒரு காரணம் கொடுங்கள். கயல் உண்மையைச் சொல்லாமல் ஐந்து அத்தியாயம் இழுக்க வேண்டுமா? போன மாதம் அண்ணன் குடையைத் தொலைத்தபோது அம்மா, ‘இன்னொரு தடவை ஏதாவது தொலைஞ்சா இந்த வீட்டுல யாருக்கும் எதுவும் கிடையாது’ என்றாள். பெரியவர் காதில் அது அலுப்பு. கயல் காதில் அது சட்டம். தன்னால் அண்ணனுக்கும் தம்பிக்கும் இனி எதுவும் கிடைக்காது என்று அவள் வாயை மூடிக்கொள்கிறாள். இப்போது அவளுடைய மௌனம் பிடிவாதமாகத் தெரியாது, தியாகமாகவே தெரியும். அவளுக்குத் தெரியாத ஒன்று வாசகருக்கு அரைகுறையாகத் தெரிகிறது, அந்த இடைவெளியிலேயே கதை ஓடும்.

ஆக, எந்த வரிசையில்?

எட்டிலிருந்து பதினொரு வயதுப் பாத்திரம் என்றால் என் ஓட்டு இப்படி: ஆசையைக் கதையிலிருந்து எடுங்கள், அந்த ஆசை எவ்வளவு வலிக்கும் என்பதை நினைவிலிருந்து, அதற்காக அது செய்வதைக் கவனிப்பிலிருந்து. வயது அறிவை முதல் வரைவு முடியும்வரை தொடாதீர்கள். முன்கூட்டியே எடுத்தால் கை கட்டுப்பட்டுப் போகும். மூன்றிலிருந்து ஆறு வயதுப் பாத்திரத்துக்குக் கவனிப்பை முதலில் வையுங்கள். நினைவு அங்கே கைகொடுக்காது. நான்கு முதல் எட்டு வரை ஒவ்வோர் ஆண்டும் பெரிய மாற்றம் என்பதால் சரிபார்ப்பும் அங்கேதான் கடுமையாக வேண்டும். பதின்மூன்றை நெருங்கும்போது நினைவுதான் ராஜா. அருகில் பிள்ளைகளே இல்லாதவர்கள் நினைவையும் வயது அறிவையும் சேர்த்துச் சமாளிக்கலாம். ஆனால் உரையாடலில் பலவீனம் தெரியும், அதற்குக் கீழே வருகிறேன்.

பாத்திரத்தின் வயதை வாசகரின் வயதுக்கே வைப்பதா, கூட்டுவதா என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். பிள்ளைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர்களைப் பற்றி ஆவலாக வாசிப்பார்கள், இளையவர்களைப் பற்றி வாசிக்கத் தயங்குவார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயது வாசகர்களுக்கு நாயகி பதினொன்றிலோ பன்னிரண்டிலோ இருந்தால் எல்லோரையும் பிடிக்கலாம். உடன்பிறந்தவர்கள் வந்தால் மூன்று வயதாவது இடைவெளி விடுங்கள். ஒன்றரை வயது வித்தியாசத்தில் இருவரும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

யார் சொல்வது

பிள்ளையே ‘நான்’ என்று சொல்வது, பிள்ளையின் தோளை ஒட்டி நின்று படர்க்கையில் சொல்வது, வளர்ந்தபின் திரும்பிப் பார்த்துச் சொல்வது. மூன்றிலும் கயலின் வாசல்:

‘நான் பத்து எண்ணினேன். எட்டு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.’

‘கயல் பத்துவரை எண்ணலாம் என்று நினைத்தாள். எட்டுக்கு அப்புறம் எண்கள் மிக வேகமாக வருவதுபோல் இருந்தது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.’

‘அன்று அந்த வாசலில் நின்று எத்தனை முறை எண்ணினேனோ தெரியாது. பயம் என்றால் என்ன என்று அன்றுதான் கற்றேன்.’

மூன்றாவதைச் சிறுவர் கதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கதைசொல்லி பிழைத்து, வளர்ந்து, அமைதியாக உட்கார்ந்திருக்கிறார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுவதால் வாசகரின் பயம் செத்துவிடும். பாடம் சொல்லும் ஆசையும் அங்கே தானாக முளைக்கும். பெரியவர்களுக்கான கதையில் அது அருமையான வழி.

முதல் இரண்டுக்கும் இடையில் தேர்வு கடினம். ‘நான்’ என்று சொல்லும் தன்மையில் நெருக்கம் அதிகம்; பிள்ளை தவறாகப் புரிந்துகொண்டதை அப்படியே சொல்ல, வாசகர் தாமே கண்டுபிடிக்கும் இன்பம் உண்டு. ஆனால் சொற்கள் முழுக்க அந்த வயதுக்குள் அடங்க வேண்டும், நூறு பக்கத்துக்கும். ஒரே ஓர் இடத்தில் ‘பெருமிதம்’ என்று நழுவினால் குரல் உடைந்துவிடும். படர்க்கையில் இந்த நெருக்கடி தளர்கிறது. அதற்கு ஒரே விதி: கயலிடம் இல்லாத சொல்லைக் கதைசொல்லி பயன்படுத்தலாம், அவளிடம் இல்லாத தகவலைப் பயன்படுத்தக் கூடாது. பிள்ளைக் கதாநாயகர்களோடு முதல் நூல் எழுதுகிறவருக்குத் தோளை ஒட்டிய படர்க்கையே பாதுகாப்பு.

தோளை ஒட்டி நிற்பது என்றால் உயரமும் அதே உயரம்தான். மூன்று வயதுப் பிள்ளை ஏறத்தாழ 95 செ.மீ.; சாப்பாட்டு மேசை ஏறத்தாழ 75 செ.மீ. அதன் கண்ணுக்கு மேசையின் பரப்பு ஒரு கோடாகத்தான் தெரியும். மேசையின் அடிப்பக்கமோ நன்றாகத் தெரிந்த வீடு. எட்டு வயதில் உயரம் ஏறத்தாழ 125 செ.மீ. இருக்கும், அலமாரியின் மேல்தட்டு இன்னமும் கண்ணுக்கு எட்டாது. எழுதுமுன் ஒரு தடவை முட்டிபோட்டு அறையைச் சுற்றிப் பாருங்கள். முகங்களைவிட முழங்கைகளும் பைகளும் பிடிபட்ட கைகளும்தான் அதிகம் தெரியும்.

பேச்சு

தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு கூடுதல் முடிவு காத்திருக்கிறது: உரையாடல் பேச்சுத் தமிழிலா, எழுத்துத் தமிழிலா? ‘நான் அதை எடுக்கவில்லை, அண்ணா’ என்று எட்டு வயதுக் கயல் சொன்னால் மேடை நாடகம் ஞாபகம் வருகிறது. ‘நான் எடுக்கல’ என்றால் பிள்ளை பேசுகிறது. ஆனால் பேச்சுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் இல்லை. ‘வந்திருச்சு, வந்துடுச்சு, வந்திடிச்சு’ என்று ஒரே சொல் மூன்று உருவில் வந்தால், இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் ஆறு வயது வாசகர் திணறுவார். பாடநூலில் அவர் பார்த்துப் பழகிய உருவம் வேறு.

தாமே படிக்கத் தொடங்கும் வயதினருக்கான நூலில், எளிய எழுத்துத் தமிழையே குட்டி வாக்கியங்களாக வைத்துவிடலாம்: ‘நான் இல்லை!’, ‘எனக்குத் தெரியாது’, ‘நீதான்.’ பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையில் அதிகம் விலகாத வாக்கியங்கள் தமிழில் நிறைய இருக்கின்றன, தேடிப் பொறுக்க வேண்டும். ஒன்பது வயதுக்கு மேல் பேச்சுத் தமிழ் உரையாடலுக்குத் தயங்க வேண்டியதில்லை. ஒரு தாளில் முப்பது நாற்பது பேச்சு வடிவங்களின் எழுத்துக்கூட்டலை எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு, நூல் முழுதும் அதையே பின்பற்றினால் போதும். கதை ஓட்டம் எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சில் என்ற பழகிய ஏற்பாடு பெரும்பாலும் சரியாகவே நிற்கும். தன்மைக் கூற்றில் மட்டும் இடிக்கும். பேசும்போது ‘எடுக்கல’ என்றவளே விவரிக்கும்போது ‘எடுக்கவில்லை’ என்பதை வாசகர்கள் சில பக்கங்களில் ஏற்றுக்கொள்வார்கள் என்றாலும், இதுவும் படர்க்கையை நோக்கி என்னைத் தள்ளுகிற காரணம்.

நம் மொழியிலேயே பிள்ளைகளின் அரசியலுக்கென்று அமைந்த ஒரு கருவி இருக்கிறது. ‘நாம விளையாடலாம்’, ‘நாங்க விளையாடப் போறோம்’. ‘நாம’ ‘நாங்க’ ஆகிறது. ஒரு பிள்ளை வெளியே நிற்கிறது. நேற்றுவரை ‘நாம’ என்று சொன்ன தோழி இன்று கயலிடம் ‘நாங்க’ என்றால் அதற்கு மேல் ஒரு பத்தி விளக்கம் தேவையே இல்லை. அதேபோல ‘டா’, ‘டி’ எப்போது வருகிறது, எப்போது காணாமல் போகிறது, பெரியவரிடம் ‘வாங்க’ எந்தக் கோபத்தில் ‘வா’ ஆகிறது என்பவை எல்லாம் பாத்திரங்களின் உறவை அளக்கும் கோல்கள்.

மற்றபடி, பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது குறைவு. ‘ஏன் அழுகிறாய்?’ என்றால் ‘அவன்தான் முதல்ல’ என்று வரும். நீண்ட சம்பவத்தைச் சொல்லும்போது ‘அப்புறம்... அப்புறம்...’ என்று கோத்துக்கொண்டே போவார்கள். கதையில் அதை இரண்டு இடத்தில் காட்டினால் போதும், மிச்சத்தை வாசகர் காது நிரப்பிக்கொள்ளும். மழலையை எழுத்தில் பெயர்க்கிற வேலையை முழுக்க விட்டுவிடலாம். படிக்கப் பழகுகிறவருக்குப் புரியாது, படிக்கத் தெரிந்தவருக்குச் சலிக்கும்.

பெரியவர்களை என்ன செய்வது

ஊருக்கு அனுப்பிவிடலாம், முட்டாளாக்கலாம், அல்லது வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தில் தவறாக நினைக்கவிடலாம். முதலாவது சாகசக் கதைக்குச் சரி. இரண்டாவது சிரிப்புக் கதையில் மட்டும் எடுபடும், அதுவும் குறுகியதாக இருந்தால். மற்ற எல்லாவற்றுக்கும் மூன்றாவது. கயலின் அம்மா அன்பானவள், கூர்மையானவள்; ஆனால் மகளுக்கு வயிற்றுவலி என்று முடிவு செய்துவிட்டாள். அவள் அக்கறையே கயலுக்குச் சொல்ல வாய்ப்பில்லாமல் அடைக்கிறது. பெரியவர் நம்பும்படி இருந்தால் அவருக்கு எதிரில் நிற்கும் பிள்ளையும் நம்பும்படி ஆகிவிடும்.

சோதித்துப் பார்க்க

முதல் வரைவு முடிந்ததும் பாத்திரத்தின் வயதும் அதற்கு ஒன்று குறைந்த வயதுமாக மூன்று முதல் ஐந்து பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள்; பெரியவருக்கு என்ன பதில் வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதற்குப் பதிலாக, முடிவெடுக்கும் இடத்துக்கு ஒரு வரி முன்பு நிறுத்தி, ‘இப்போ இவ என்ன செய்வா?’ என்று மட்டும் கேளுங்கள். எல்லோரும் நீங்கள் எழுதியதையே சொன்னால் காட்சி தட்டை. ஒருவர் சொன்னதுகூட உங்கள் வரிக்கு அருகில் வராவிட்டால், அந்தச் செயலுக்கான காரணம் உங்கள் தலையிலேயே தங்கிவிட்டது. நாலைந்து பக்கம் பின்னால் போய் அதை நட்டுவிட்டு வர வேண்டும். ஒருத்தி ‘சொல்லிடுவா’ என்க, இன்னொருவன் ‘மாட்டா, அம்மா அன்னிக்கு என்ன சொன்னாங்க, கேட்டீல்ல?’ என்று அவளோடு மல்லுக்கு நின்றால், பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தச் சண்டையை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.